மலையூரின் இரவைப் படம் பிடித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுவது என் வேலை. வேலை முடிந்த பிறகும், சில நாட்களில் விடியலுக்கு முன்பும், கேமராவை எடுத்துக்கொண்டு நடப்பது பதினோரு வருடப் பழக்கம். உறவினர்கள், கீழே சமவெளியிலிருந்து வரும் நண்பர்கள், பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பிள்ளைகள் எனப் பலரும் கேட்டதையே கேட்பதால், பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். குன்னூர், ஊட்டி, கோத்தகிரி ஆகிய மூன்று ஊர்களின் தெருக்களும் அவற்றைச் சுற்றிய சரிவுகளும்தான் நான் அறிந்த களம்.

மலையில் ஒரே ஓர் இரவுதான் தங்குகிறேன். எங்கே போகலாம்?

ஊட்டி–குன்னூர் சாலையில் கேத்திப் பள்ளத்தாக்கைப் பார்க்கும் வளைவுக்குப் போங்கள். சூரியன் மறைவதற்கு அரை மணி நேரம் முன்பே போய் நில்லுங்கள். கீழே சிதறிக் கிடக்கும் ஊர்களில் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறுவதைப் பார்க்கலாம். ஒரு ஹட்டி (படகர் ஊர்) முழுவதும் ஒளிர்ந்திருக்கும்போது அதன் பக்கத்துச் சரிவு இன்னும் நீலமாக இருக்கும். சமவெளி நகரத்தின் விளக்குகள் ஒரே தட்டில் பரவிக் கிடக்கும்; மலையில் அவை அடுக்கடுக்காக நிற்கின்றன. அந்த அடுக்குகளுக்காகத்தான் மலைக்கு வந்து இரவுப் படம் எடுக்க வேண்டும் என்பேன்.

பள்ளத்தாக்கு முழுவதையும் ஒரு சட்டத்துக்குள் திணிக்க அகன்ற லென்ஸைத் தேடாதீர்கள். விளக்குகள் ஊசிமுனைப் புள்ளிகளாகிவிடும். தூரத்தை அருகே இழுக்கும் 85 அல்லது 135 மில்லிமீட்டர் லென்ஸால் ஒரே ஒரு ஊரை, அதற்குப் பின்னால் உள்ள மேட்டோடு சேர்த்து எடுங்கள்.

ஊட்டியில் தங்கினால் கமர்ஷியல் ரோட்டில் கடைகள் சாத்தப்படும் நேரம் நல்லது. பலகைக் கதவுகள், கடைசி டீ, சுருட்டிக் கட்டப்படும் ஸ்வெட்டர் மூட்டைகள் எல்லாம் அப்போது கிடைக்கும். 1829-ல் அடிக்கல் நாட்டப்பட்ட செயின்ட் ஸ்டீபன்ஸ் தேவாலயத்தின் வெளிர்மஞ்சள் சுவரைச் சாலையிலிருந்தே அந்தி நேரத்தில் எடுக்கலாம். ஏரிக்கரை பகலுக்குத்தான் பொருத்தம்.

கைப்பேசி போதுமா? கேமரா வாங்க வேண்டுமா?

தெருவுக்குக் கைப்பேசி போதும். இன்றைய கைப்பேசிகளின் இரவு முறை, அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து ஒன்றின் மேல் ஒன்று அடுக்கி, இருட்டுப் படங்களில் மணல் போலத் தெரியும் புள்ளிகளைக் குறைத்துத் தருகிறது. கடைத்தெருவுக்கும் பேருந்து நிலையத்துக்கும் அது நன்றாகவே வேலை செய்யும்.

பனிமூட்டத்தில்தான் அது தவறுகிறது. மூட்டத்தைக் குறையென்று கருதி, மென்பொருள் அதைத் துடைத்து விளிம்புகளைக் கூர்மையாக்கப் பார்க்கிறது. விளக்கைச் சுற்றி மெல்ல மங்கிப் போகும் ஒளி, சாம்பல் நிறத் திட்டாக மாறிவிடுகிறது. கைப்பேசியில் கையால் அமைக்கும் முறை இருந்தால் அதற்கு மாறுங்கள். ஐஎஸ்ஓவை, அதாவது ஒளி உணர்திறனை, 100-ல் வைத்து, ஷட்டரை 1 முதல் 4 விநாடி வரை திறந்து, கைப்பேசியை ஒரு மதில் மேல் சாய்த்து வைத்து, 3 விநாடி டைமரில் எடுங்கள்.

நான் வைத்திருப்பது பழைய டிஎஸ்எல்ஆர், ஒரு 35, ஒரு 85 மில்லிமீட்டர் லென்ஸ். கேமராவுக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பகுதியை ட்ரைபாடுக்கு ஒதுக்குங்கள். அது கனமாக இருக்கட்டும். மலைக்காற்று லேசான ட்ரைபாடை அசைத்துவிடும். நடுத்தண்டை உயர்த்தாமல், அதன் கொக்கியில் பையைத் தொங்கவிட்டால் நிற்கும். ட்ரைபாடில் ஏற்றியதும் லென்ஸின் அதிர்வுத் தடுப்பை அணைத்துவிடுங்கள்.

எத்தனை மணிக்குப் போக வேண்டும்?

‘நீல மணி நேரம்’ என்று ஒன்றைச் சொல்வார்கள். நம் பக்கத்தில் அது ஒரு மணி நேரம் நீடிப்பதில்லை. நாம் பூமத்திய ரேகையிலிருந்து வடக்கே 11 டிகிரியில் இருக்கிறோம். இங்கே சூரியன் கிட்டத்தட்ட நேர்க்குத்தாக இறங்குகிறது. மறைந்த பிறகு 22 நிமிடத்தை ஒட்டி தொடுவானத்துக்குக் கீழே 6 டிகிரி போய்விடும். வானத்தின் நீலமும் தெருவிளக்கின் மஞ்சளும் சம பலத்தோடு இருப்பது, மறைந்த 15-ஆவது நிமிடத்திலிருந்து 30-ஆவது நிமிடம் வரை மட்டுமே. வடக்கு நாடுகளின் புகைப்படக்காரர்கள் எழுதியதைப் படித்துவிட்டு நிதானமாக டீ குடித்துக்கொண்டிருந்தால் வானம் கறுத்துவிடும்.

இன்னொன்று. பள்ளத்தாக்கில் நிற்பவருக்குச் சூரியன் மேட்டுக்குப் பின்னால் சீக்கிரமே மறைந்துவிடும். அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். நாள்காட்டியில் உள்ள அஸ்தமன நேரத்தைப் பாருங்கள். டிசம்பரில் மாலை 6 மணியை ஒட்டியும், ஜூனில் 6.45-ஐ ஒட்டியும் இருக்கும்.

விடியற்காலையிலும் இதே நீலம் திரும்பி வருகிறது. எனக்கு அதுதான் பிடித்தமானது. தெருவில் ஆள் இல்லை, வண்டி இல்லை. பால் கேன் இறங்கும் சத்தமும் கோயில் ஒலிபெருக்கியும் மட்டும் கேட்கும்.

போன அன்று பனிமூட்டம் இறங்கிவிட்டது. திரும்பி வந்துவிட்டேன். வேறு என்ன செய்திருக்கலாம்?

இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாக் கேள்விகளிலும் இதற்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். திரும்பி வந்திருக்கக் கூடாது. தெளிந்த இரவு எல்லா ஊரிலும் கிடைக்கும். மூட்டம் இறங்கிய தெரு, இங்கே நாம் வீட்டு வாசலைத் தாண்டினாலே கிடைக்கிறது.

தெளிந்த காற்றில் ஒளி நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. விளக்கும் அது பட்ட பொருளும்தான் தெரிகின்றன. மூட்டத்தில் காற்று முழுக்க நுண்ணிய நீர்த்துளிகள். விளக்குக்கும் தரைக்கும் நடுவே ஒளி போகும் வழியே தெரிகிறது. ஒரு சாதாரண தெருவிளக்கு கூம்பாக இறங்குகிறது. சன்னலிலிருந்து வரும் ஒளி சாய்ந்த பலகையாக வெளியே நீள்கிறது. பின்னால் இருக்கும் கேபிள் கம்பிகளும் விளம்பரத் தட்டிகளும் தாமாகவே மறைந்துவிடுகின்றன.

விளக்கை நேராகப் பார்த்து எடுக்காதீர்கள். உங்களுக்கும் விளக்குக்கும் நடுவில் ஒரு மரம் வரும்படி நகர்ந்து நில்லுங்கள். தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக நட்ட சில்வர் ஓக் மரங்கள் இதற்கென்றே வளர்ந்தவை போல இருக்கும். விளக்கு தண்டுக்குப் பின்னால் மறைந்ததும், ஒவ்வொரு கிளையின் நிழலும் காற்றிலேயே விழுந்து, இருட்டுக் கதிர்களாக உங்களை நோக்கி விரியும். அரை அடி இடப்பக்கம் தள்ளி நின்றால் அது கிடைக்காது. அந்த அரை அடியைத் தேடித்தான் நான் பல இரவுகளில் அங்குமிங்கும் நடந்திருக்கிறேன்.

மூட்டத்தில் தானியங்கி ஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடித் தவிக்கும். லைவ் வியூவில், அதாவது கேமராவின் பின்திரையில், ஒரு விளக்கின் விளிம்பைப் பெரிதாக்கிப் பார்த்து, கையால் கூர்மைப்படுத்தி, அப்படியே விட்டுவிடுங்கள். கேமராவின் ஒளிமானி மூட்டத்தின் வெளிச்சத்தைக் கண்டு ஏமாந்து படத்தை மங்கலாக்கும். அது சொல்வதைவிட முக்கால் படியிலிருந்து ஒரு படி வரை (ஒரு படி என்றால் இரண்டு மடங்கு ஒளி) கூட்டுங்கள். விளக்கின் நடுப்பகுதி வெளுத்துப் போகும். போகட்டும், விளக்கின் நடு வெள்ளையாகத்தானே இருக்கும்.

ஷட்டர் நேரத்தில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். இரவு என்றாலே 15 விநாடி, 30 விநாடி என்று திறந்து வைக்கிறார்கள். மூட்டம் அசைந்துகொண்டே இருப்பது. அவ்வளவு நேரத்தில் அதன் சுருள்களெல்லாம் கரைந்து ஒரே வெள்ளைத் துணியாகிவிடும். அரை விநாடி, ஒரு விநாடி போதும். அதற்காக ஐஎஸ்ஓவை 800, 1600 என்று உயர்த்த வேண்டியிருந்தாலும் தயங்க வேண்டாம். மூட்டத்தில் ஐஎஸ்ஓ புள்ளிகள் அவ்வளவாக உறுத்துவதில்லை.

எப்போது இறங்கும் என்று கேட்பார்கள். குன்னூரிலும் கோத்தகிரியிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழையில், சமவெளியிலிருந்து ஈரக்காற்று சரிவில் ஏறி மேகமாகிறது. ஊட்டியில் தென்மேற்குப் பருவம் முழுவதும், ஜூன் முதல் செப்டம்பர் வரை, மூட்டத்துக்குப் பஞ்சமில்லை. மழை ஓய்ந்த அடுத்த அரை மணி நேரத்தைத் தவறவிடாதீர்கள். ஈரச் சாலையில் விளக்கு இரட்டிப்பாகும்.

படங்கள் எல்லாம் ஒரே மஞ்சளாக வருகின்றன. எப்படிச் சரிசெய்வது?

பழைய சோடியம் விளக்குக்குக் கீழே எடுத்திருந்தால் முழுவதுமாகச் சரிசெய்ய முடியாது. அந்த விளக்கின் ஒளியில் பெரும்பகுதி 589 நானோமீட்டரை ஒட்டிய மஞ்சள். நீலம் அதில் மிகக் குறைவு. நீலச் சேலை அதன் கீழே கறுப்பாகத்தான் தெரியும். நிறச் சமநிலையை மாற்றும் ஒயிட் பாலன்ஸை எவ்வளவு திருப்பினாலும் இல்லாத நிறம் வராது. நான் மஞ்சளைக் கொஞ்சம் குறைத்துவிட்டு அப்படியே வைத்துக்கொள்வேன், அல்லது கறுப்பு–வெள்ளையாக்குவேன்.

எல்இடி விளக்கில் நிறங்கள் வருகின்றன, ஆனால் மூட்டத்தில் அது ஆஸ்பத்திரி வெளிச்சம் போல வெளிறிக் கிடக்கிறது. எங்கள் பக்கத்துத் தெருக்களில் மஞ்சள் விளக்குகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. மின்சாரம் மிச்சமாவது நல்லதுதான். என்றாலும் மாற்றப்படுவதற்கு முன் ஒவ்வொரு மஞ்சள் தெருவையும் ஒரு படமாவது எடுத்து வைக்க வேண்டும் என்று இரண்டு வருடமாக வரிசையாக எடுத்து வருகிறேன்.

விளக்கொளியில் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழுந்தால், ஷட்டர் வேகம் அதிகம் என்று பொருள். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. மலிவான விளக்குகள் அதனால் விநாடிக்கு 100 முறை துடிக்கின்றன. 1/100 அல்லது 1/50-க்கு இறங்குங்கள், மறையும்.

விளக்கைச் சுற்றி நட்சத்திரம் போலக் கதிர்கள் வேண்டுமென்றால் அப்பெர்ச்சரை, அதாவது லென்ஸின் துளையை, எஃப் 11-க்கு மூடுங்கள். அந்தத் துளையைச் சுருக்கும் இதழ்கள் இரட்டைப்படையாக இருந்தால் அத்தனை கதிர்கள்; ஒற்றைப்படையாக இருந்தால் அதைப் போல் இரண்டு மடங்கு. என் 35-ல் ஏழு இதழ்கள், எனவே பதினான்கு கதிர்கள்.

குளிரில் கேமரா கெட்டுப்போகுமா?

குளிரால் கெடாது. ஈரத்தால் கெடும்.

ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா, காந்தல் பக்கங்களில் புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாகக் கிடக்கும். அந்தக் குளிரில் பேட்டரி பாதி நேரத்தில் ‘தீர்ந்துவிட்டேன்’ என்று சொல்லும். அதைத் தூக்கிப் போடாதீர்கள். சட்டையின் உள்பையில் வைத்துச் சூடேற்றினால் மறுபடி வேலை செய்யும். எப்போதும் ஒன்று கேமராவில், ஒன்று நெஞ்சோடு.

ஆபத்து வீடு திரும்பும்போதுதான். குளிர்ந்த கேமராவை அடுப்பெரியும் அறைக்குள் கொண்டுபோனால், அறையின் ஈரம் லென்ஸின் மேலும் உள்ளும் படியும். கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடி, இரண்டு மணி நேரம் அப்படியே விடுங்கள். படம் பார்க்கும் ஆவல் அடங்கவில்லையென்றால் மெமரி கார்டை வெளியிலேயே கழற்றிக்கொள்ளுங்கள்.

இதை நான் கற்றுக்கொண்டது விலை கொடுத்து. என் முதல் 50 மில்லிமீட்டர் லென்ஸைத் தோல் உறைக்குள் போட்டு, மரப் பீரோவில் ஒரு மழைக்காலம் முழுவதும் வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தபோது கண்ணாடிக்குள் சிலந்தி வலை போலப் பூஞ்சை கிளைத்திருந்தது. கீழே ஒரு பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோனேன். அவர்கள் துடைத்துத் தந்தார்கள். பூச்சு அரிக்கப்பட்டிருந்த இடம் போகவில்லை. இப்போதும் அந்த லென்ஸில் எதிர்விளக்கை எடுத்தால் ஒரு மூலை மங்கலாக வருகிறது. என் அப்பா வாங்கித் தந்த லென்ஸ் அது.

அதன் பிறகு பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். தோல் உறைகளை அப்புறப்படுத்தினேன். ரப்பர் வளையம் வைத்த, காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பா ஒன்றில் சிலிக்கா ஜெல் போட்டு லென்ஸ்களை வைக்கிறேன். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் லேசாகச் சூடேற்றி மறுபடி போடுவேன். வாரம் ஒருமுறை லென்ஸை வெளியே எடுத்துப் பயன்படுத்தினால் பூஞ்சை அண்டுவது குறைவு. வெயில் காட்டுங்கள், ஆனால் சன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் மறந்து வைத்துவிடாதீர்கள்.

மழைக்கு: ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்கு நீலகிரியில் தடை இருக்கிறது. கேமராவை மூட அவற்றைத் தேட வேண்டியதில்லை. பழைய குடையின் துணியைப் பிரித்து, சுருக்குக் கயிறு வைத்துத் தைத்துக்கொண்டால் நான்கைந்து வருடம் உழைக்கும். என்னுடையதைப் பெட்ஃபோர்டு பக்கம் ஒரு தையற்காரர் தைத்துத் தந்தார்.

மலைப்பாதையில் வண்டி விளக்குகளின் கோடுகளை எப்படி எடுப்பது?

மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. வளைவைக் கீழே பார்க்கும் பாதுகாப்பான மேடு ஒன்றைப் பகலிலேயே தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். சாலையோரத்தில் ட்ரைபாடை ஊன்றுவதை ஒருபோதும் செய்யாதீர்கள். லாரி ஓட்டுநர் உங்கள் விளக்கைப் பார்த்து ஒரு கணம் தடுமாறினால் போதும்.

ஐஎஸ்ஓ 100, எஃப் 8, 25 முதல் 30 விநாடி. ஒரு பேருந்து வளைவைச் சுற்றி முடிக்க அவ்வளவு நேரம் வேண்டும். வண்டி நேராக உங்கள் பக்கம் திரும்பும் நொடியில் முகப்பு விளக்கு படத்தை எரித்துவிடும். அந்த நொடிக்கு மட்டும் ஒரு கறுப்பு அட்டையை லென்ஸுக்கு முன் பிடித்து, வண்டி திரும்பியதும் எடுத்துவிடுங்கள். அட்டை லென்ஸைத் தொடக்கூடாது. பத்து முறை செய்தால் கை பழகும்.

ஏப்ரல், மே சீசனில் மேலே ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும், இறங்குபவற்றைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுவார்கள். சாலையில் ஓட்டம் ஒரே திசையில் இருப்பதால் கோடுகள் பின்னிக்கொள்ளாமல் சுத்தமாக வரும்.

மலை ரயிலை நீராவியோடு இரவில் எடுக்க முடியுமா?

முடியாது. நீராவி எஞ்சின் ஓடுவது மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையே. அந்த ரயில் பகலில் ஏறி, மாலை வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிடும். குன்னூருக்கு மேலே ஊட்டி வரை டீசல் எஞ்சின்.

ஆனால் வருந்த வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியிலிருந்து வரும் கடைசி ரயில் இருட்டும் நேரத்தில்தான் குன்னூருக்குள் நுழைகிறது. நீலப் பெட்டிகளின் சன்னல்களில் மஞ்சள் வெளிச்சம், கண்ணாடியில் ஒட்டிய முகங்கள், பேருந்து நிலையத்தை ஒட்டிய ரயில்வே கேட்டில் காத்திருக்கும் ஆட்டோக்கள். 1/60 வேகத்தில், ரயிலோடு சேர்த்துக் கேமராவைத் திருப்பி எடுத்துப் பாருங்கள். இந்தப் பாதை மிக மெதுவானது, அதனால் புதியவர்களுக்கும் கை வரும். 2005-ல் உலகப் பாரம்பரியச் சின்னமானதிலிருந்து பகலில் அதைப் படமெடுப்பவர்கள் எண்ணற்றோர். மாலை ரயிலுக்கு முன் நின்றவர்களைக் குறைவாகவே பார்த்திருக்கிறேன். தண்டவாளத்தில் இறங்க வேண்டாம். நடைமேடையில் ட்ரைபாட் வைப்பதானால் நிலைய அதிகாரியைக் கேட்டுவிட்டு வையுங்கள்.

நட்சத்திரங்கள்?

ஜனவரி முதல் மார்ச் வரை. அதற்குப் பிறகு மேகம் விட்டால் உண்டு.

நட்சத்திர வட்டங்கள் எடுக்க விரும்புபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். துருவ நட்சத்திரம் நமக்கு 11 டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது. கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. தொடுவானத்துக்கு மேல் ஒரு முஷ்டி, அவ்வளவுதான். வடக்கே ஒரு மேடு இருந்தாலே மறைந்துவிடும். முழு வட்டங்கள் இங்கே கிடைக்காது, மலை முகட்டிலிருந்து எழும் வில்கள் கிடைக்கும்.

ஊட்டிக்கு அருகே முத்தொரையில் உள்ள ரேடியோ தொலைநோக்கி இதே 11 டிகிரியைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது. 530 மீட்டர் நீளமுள்ள அதை, கிட்டத்தட்ட 11 டிகிரி சாய்ந்த மலைச்சரிவில் வடக்கு–தெற்காக அமைத்தார்கள். அதனால் அதன் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிறது. ஒரே அச்சில் சுழற்றியே வானத்தில் ஒரு பொருளை ஒன்பதரை மணி நேரம் பின்தொடர முடிகிறது. முதல்முறை இதைப் படித்த அன்று வீட்டுக்குப் பின்னால் உள்ள சரிவைப் பார்க்கும் பார்வையே எனக்கு மாறிப்போனது.

பால்வீதியின் நடுப்பகுதி மார்ச் மாதத்தில் விடியலுக்கு முன் தென்கிழக்கே எழும். குன்னூரிலிருந்து எடுப்பவர்களுக்கு ஒரு தொல்லை: கோயம்புத்தூர் அதே தெற்குப் பக்கம்தான் இருக்கிறது. அந்த நகரத்தின் ஒளி வானத்தின் அடிப்பகுதியை வெளுக்கச் செய்கிறது. கீழே சமவெளியின் மேல் அடர்ந்த மேகம் மூடியிருக்கும் நாட்களில் அந்த ஒளி பெருமளவு அடங்கிவிடும்; மேகத்துக்கு மேலே நிற்கும் நமக்கு வானம் கறுப்பாகக் கிடைக்கும். வருடத்தில் சில நாட்கள்தான். 500-ஐ லென்ஸின் மில்லிமீட்டரால் வகுத்தால் கிடைக்கும் விநாடிக்குள் ஷட்டரை மூடினால் நட்சத்திரம் கோடாக இழுபடாது. 20 மில்லிமீட்டருக்கு 25 விநாடி.

பௌர்ணமி நிலா வெறும் வெள்ளைத் தட்டாக வருகிறது.

பௌர்ணமிக்கு முதல் நாள் போங்கள். அன்று நிலா சூரியன் மறைவதற்கு முன்பே எழுந்துவிடும். ஊரின் மேல் இன்னும் வெளிச்சம் இருப்பதால் இரண்டும் ஒரே அளவில் பதியும். பௌர்ணமியன்று இருட்டிய பிறகு தெரியும் நிலாவுக்கும் தெருவுக்கும் ஒளியில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

தெருவில் மனிதர்களை எடுக்கும்போது திட்டுவார்களா?

கேட்டுவிட்டு எடுத்தால் என்னை யாரும் திட்டியதில்லை. கேட்காமல் எடுத்தபோது ஒருமுறை ஒரு அம்மா சந்தையில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் படத்தை அங்கேயே அழித்துவிட்டு, மன்னிப்புக் கேட்டேன். அது இன்னும் மனத்தில் உறுத்துகிறது.

மலையின் இரவு, பயணிகள் உறங்கும் நேரத்தில் வேலை செய்கிறவர்களுடையது. கேத்தி பாலாடாவில் விடிவதற்கு வெகுநேரம் முன்பே கேரட் கழுவும் இயந்திரம் சுழலத் தொடங்கும். ஒற்றை விளக்கின் கீழே ஆரஞ்சு நிறக் குவியல், உறையும் தண்ணீர், கம்பளித் தொப்பியும் ரப்பர் பூட்ஸும் அணிந்த ஆட்கள், காத்திருக்கும் மேட்டுப்பாளையம் லாரி. நான் முதல் நான்கு முறை அங்கே போனபோது கேமராவை வெளியே எடுக்கவில்லை. ஐந்தாம் முறை அங்கிருந்த பெரியவர் ஒருவர், “என்ன தம்பி, பையில என்னதான் வெச்சிருக்கே?” என்று கேட்டார். எடுத்துக் காட்டினேன். அதன் பிறகுதான் படம்.

வர்க்கி என்னும் மொறுமொறு பிஸ்கட் சுடும் பேக்கரிகளும் அப்படித்தான். ஊட்டி வர்க்கிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை அடுக்கும் கைகளை எடுக்க வேண்டுமென்றால் விறகடுப்பு எரியும் நேரத்தில் போக வேண்டும். அடுப்பின் வாயிலிருந்து வரும் வெளிச்சமே போதும், வேறு விளக்கு வேண்டாம். ஐஎஸ்ஓ 3200, எஃப் 2, 1/60.

எங்கள் தொழிற்சாலையிலும் இரவில்தான் உயிர். மாலையில் வந்திறங்கும் பசுந்தேயிலையை இரவெல்லாம் காற்றோட்டி வாட்டி, விடியலை ஒட்டி அரைக்கிறார்கள். வெளியே மூட்டம் சூழ்ந்திருக்கும்போது அந்தச் சன்னல் வரிசை ஒரு கப்பலைப் போல ஒளிர்கிறது. அனுமதி பெற்று நான் எடுத்த படங்களை அச்சிட்டு, அதில் இருந்தவர்களுக்கே கொடுத்துவிட்டேன். அச்சிட்டுக் கொடுங்கள், திரையில் காட்டிவிட்டுப் போவதும் கையில் கொடுப்பதும் ஒன்றல்ல.

கோயில் விழாக்களில், குறிப்பாகப் படகர்களின் ஹெத்தையம்மன் திருவிழாவில், ஊர்ப் பெரியவர்களிடம் எங்கே எடுக்கலாம், எங்கே கூடாது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கூடாது என்று சொன்னால் கேமராவை மூடிவைத்துவிட்டு விழாவில் கலந்துகொள்ளலாம்.

இரவில் விலங்குகள் வருமா?

வரும். குன்னூரிலும் கோத்தகிரியிலும் காட்டெருமைகள் வீடுகளுக்கு நடுவேயே நடக்கின்றன, கரடி குப்பைத் தொட்டியைத் தேடி வரும், சிறுத்தையும் உண்டு. மூட்டத்தில் காட்டெருமையைப் பத்தடி தூரம் வரை நீங்கள் பார்க்க மாட்டீர்கள். மூச்சுச் சத்தம் கேட்டால் நின்றுவிடுங்கள், ஃபிளாஷ் அடிக்காதீர்கள், வந்த வழியே பின்வாங்குங்கள். ட்ரைபாடை விட்டுவிட்டு வரத் தயங்க வேண்டாம்.

காட்டுக்குள் இரவில் படம் எடுக்கப் போவது சட்டப்படி தவறு. முதுமலை–பந்திப்பூர் சாலையில் கர்நாடகப் பக்கம் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வண்டிகளுக்கே தடை. அவலாஞ்சிக் காட்டின் கறுப்பு வானத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு ஆசைப்படுகிறவர்களுக்கும் இதேதான் சொல்வேன்: அது விலங்குகளின் இரவு.

வேறு எங்கே எடுக்கக் கூடாது?

வெல்லிங்டன் ராணுவப் பகுதியும் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையும் ஊருக்கு நடுவிலேயே இருக்கின்றன. அவற்றின் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள், விளக்குகள் எவ்வளவு அழகாக இருந்தாலும். டிரோன் வேண்டவே வேண்டாம். வெளியூரிலிருந்து வண்டியில் வருகிறவர்கள் இ-பாஸ் எடுத்துவிட்டு வாருங்கள். 2024 மே முதல் நடைமுறையில் இருக்கிறது.

தனியாகப் போகலாமா?

தெருவுக்குள் போகலாம். ஊர் எல்லையைத் தாண்டினால் இருவராகப் போங்கள். வீட்டில் எங்கே, எத்தனை மணி வரை என்று சொல்லிவிட்டுப் போங்கள். என் தங்கையும் இரவில் எடுப்பவள். அவள் எப்போதும் திறந்திருக்கும் ஒரு டீக்கடையின் கண்பார்வைக்குள் நின்றுதான் எடுப்பாள். அவளுடைய நல்ல படங்களில் பாதி அந்த டீக்கடையின் ஆவியில் பிறந்தவை.

வீட்டுக்கு வந்து கணினியில் எவ்வளவு திருத்துகிறீர்கள்?

கேமரா பதிந்ததை அப்படியே சேமிக்கும் RAW கோப்பாக எடுக்கிறேன். ஒயிட் பாலன்ஸ், கொஞ்சம் நிழல், கோணம். மூட்டத்தை விலக்கும் கருவி எல்லா மென்பொருளிலும் இருக்கிறது. அதைத் தொடுவதே இல்லை. இருட்டை இருட்டாக விடுங்கள். எல்லா மூலையையும் வெளுக்கச் செய்தால், நீங்கள் நின்ற இடத்தில் இருந்த குளிர் படத்திலிருந்து போய்விடுகிறது.

இத்தனை வருடத்தில் அதிகமாக எடுத்த இடம் எது?

எங்கள் வீட்டுக்குக் கீழே குன்னூர் மவுண்ட் ரோட்டுக்கு இறங்கும் கல்படிக்கட்டு. மொத்தம் நாற்பத்தெட்டுப் படி, நடுவில் ஒரு விளக்குக் கம்பம், பக்கத்தில் ஒரு குழாய். 35 மில்லிமீட்டர், மேலிருந்து மூன்றாவது படி, எப்போதும் அதே இடம். முதல் படத்தில் குழாயடியில் குடம் பிடிக்கும் சிறுமி இருக்கிறாள். அவளுக்குப் போன தை மாதம் கல்யாணம் ஆனது, பத்திரிகை வைக்க அதே படியில் ஏறி வந்தாள். விளக்கு இன்னும் மஞ்சள்தான். கம்பத்தில் புது எண் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள், அதனால் இந்த வாரம் தினமும் போய்க்கொண்டிருக்கிறேன். நேற்று மூட்டம் இல்லை. இன்று மாலை நான்கு மணியிலிருந்தே கீழிருந்து ஏறி வருகிறது.